மறுத்தோர்: ஓர் ஆங்கிலச் சொல்லும் அதன் வரலாறும்

ஆங்கில மொழியில் ‘ரெக்யூசன்ட்’ என்றொரு சொல் உண்டு. பெயரடையாகவும் பெயராகவும் வழங்கும் அச்சொல்லை அன்றாடப் பேச்சில் கேட்பது அரிது. அகராதியைப் புரட்டினால், ‘அதிகாரத்திற்கு இணங்க மறுக்கின்ற’ என்று அதன் பொருள் சுருக்கமாகத் தரப்பட்டிருக்கும். அதனை அடுத்து, இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபையின் வழிபாட்டிற்குச் செல்ல மறுத்த கத்தோலிக்கரைக் குறித்த சொல் என்னும் விளக்கமும் இருக்கும். இவ்விரு வரிகளுக்கு இடையே ஏறத்தாழ 230 ஆண்டுகால வரலாறு அடங்கிக் கிடக்கிறது. குற்றப் பெயராகப் பிறந்த ஒரு சொல், அதே குற்றத்திற்காகத் துன்புற்றோரின் வழித்தோன்றல்களால் பெருமைப் பெயராக ஏற்கப்பட்ட கதை அது. அதனை அறிந்துகொள்வது நம் விசுவாச வாழ்வுக்கும் பயன் தரும்.

சொல்லின் வேர்

இச்சொல் இலத்தீன் மொழியின் ‘ரெகுசாரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. அதனுள்ளே ‘காவுசா’ என்னும் பெயர்ச்சொல் மறைந்திருக்கிறது. ‘காவுசா’ என்றால் காரணம். வழக்கு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஒருவர்மீது வழக்கைச் சுமத்துவது ‘அக்குசாரே’; வழக்கிலிருந்து ஒருவரை விடுவிப்பது ‘எக்ஸ்குசாரே’; சுமத்தப்பட்டதை ஏற்காமல் காரணம் காட்டி மறுப்பது ‘ரெகுசாரே’. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் குற்றம் சாட்டுதலைக் குறிக்கும் ‘அக்யூஸ்’, மன்னித்தலைக் குறிக்கும் ‘எக்ஸ்கியூஸ்’ ஆகிய சொற்கள் முதலிரண்டின் வழிவந்தவை. நம் நாட்டு நீதிபதி ஒருவர், தமக்குத் தொடர்புள்ள வழக்கை விசாரிக்க இயலாது என்று விலகிக்கொள்ளும்போது ஆங்கில நாளேடுகள் ‘ரெக்யூஸ்’ என்று எழுதுகின்றனவே, அது மூன்றாவதன் வழிவந்தது.

ஆக, இச்சொல்லின் அடிப்படைப் பொருள் வெறும் பிடிவாதம் அன்று. காரணம் உடைய மறுப்பு என்பதே அதன் உள்ளக்கிடக்கை. இதை மனத்திற்கொண்டு வரலாற்றுக்குள் நுழைவோம்.

சட்டம் சூட்டிய பெயர்

1534இல் அரசர் எட்டாம் ஹென்றி, இங்கிலாந்துத் திருச்சபையைத் திருத்தந்தையிடமிருந்து பிரித்துத் தம்மையே அதன் தலைவராக்கிக்கொண்டார். அவருடைய மகள் மேரி 1553 முதல் 1558 வரை ஆண்டபோது நாடு மீண்டும் கத்தோலிக்கத்திற்குத் திரும்பியது. அடுத்து அரியணை ஏறிய முதலாம் எலிசபெத் அதனை மறுபடியும் பிரித்தார். 1559ஆம் ஆண்டின் வழிபாட்டு ஒருமைச் சட்டம் திருப்பலியை விலக்கி, ஆங்கில மன்றாட்டு நூலை நாடெங்கும் கட்டாயமாக்கியது. ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாள்களிலும் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக் கோயிலில் நடைபெறும் அவ்வழிபாட்டிற்குச் சென்றாக வேண்டும். செல்லாவிடில், ஒவ்வொரு முறைக்கும் 12 பென்னி தண்டம். கோயில் நிர்வாகிகள் அதனைத் தண்டி, அப்பங்கின் ஏழைகளுக்குச் செலவிட வேண்டும் என்றும் சட்டம் கூறியது.

இவ்வாறு வராதோரே ‘ரெக்யூசன்ட்’ எனப்பட்டனர். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொண்டு சட்டம் அவர்களுக்குப் பெயரிடவில்லை. எங்கே காணப்படவில்லை என்பதைக் கொண்டே பெயரிட்டது. கோயில் இருக்கையில் ஒருவர் இல்லாததே குற்றம்.

தொடக்கத்தில் தண்டம் பல இடங்களில் கண்டிப்பாகத் தண்டப்படவில்லை. 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் எலிசபெத்தைத் திருச்சபைக்குப் புறம்பாக்கி, குடிமக்கள் அவருக்குப் பணியக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று அறிவித்தார். அதன்பின் கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் அரசின் கண்ணுக்கு மறைமுகத் துரோகியாகவே தோன்றினார். 1580இல் எட்மண்ட் கேம்பியன், ராபர்ட் பெர்சன்ஸ் என்னும் இயேசு சபைக் குருக்கள் மாறுவேடத்தில் நாட்டிற்குள் வந்து மறைவாகத் திருப்பணி ஆற்றத் தொடங்கினர். மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. தண்டம் மாதத்திற்கு 20 பவுன் ஆயிற்று. வாரம் 12 பென்னி எனக் கொண்டால் நான்கு வாரத்திற்கு 48 பென்னி; 20 பவுன் என்பது 4,800 பென்னி. சுமை ஒரே அடியில் நூறு மடங்கு ஏறிவிட்டது. கேம்பியன் 1581 டிசம்பர் முதல் நாள் லண்டன் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்.

1585ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் இங்கிலாந்தில் இருப்பதே இராசத் துரோகம்; அவருக்கு வீட்டில் இடமளிப்பதும் மரண தண்டனைக்குரிய குற்றம். தண்டம் கட்டத் தவறியவரின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. 1592 முதல் இவர்களுக்கென்றே கருவூலத்தில் தனிப் பதிவேடுகள் வைக்கப்பட்டன. 1593இல், இவர்கள் தம் வீட்டிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் செல்லலாகாது என்று விதிக்கப்பட்டது. அச்சட்டம் ‘போப்பிஷ்’ என்னும் அடைமொழியை, அதாவது ‘போப்பாண்டவரைச் சார்ந்த’ என்பதை, இச்சொல்லுக்கு முன்னே சேர்த்தது. ஆங்கிலிக்கன் வழிபாட்டிற்குச் செல்லாத தீவிரச் சீர்திருத்தச் சபையினரும் நாட்டில் இருந்ததே அதற்குக் காரணம். அவர்களும் தம் மனச்சான்றின்படி மறுத்தவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

போய் உட்கார்ந்தால் என்ன?

அக்காலக் கத்தோலிக்கர் முன் நின்ற உண்மையான கேள்வி இதுதான்: ‘ஞாயிறன்று ஒரு மணி நேரம் அக்கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் என்ன? உள்ளத்தில் நான் கத்தோலிக்கன்தானே?’ இவ்வாறு எண்ணி, உடலால் சென்று உள்ளத்தால் விலகியிருந்தோர் பலர். பக்கத்து வீட்டார் அவர்களைக் ‘கோயிலுக்குப் போகும் போப்பாண்டவர் கட்சியினர்’ என்னும் பொருள்பட ஏளனமாக அழைத்தனர். அவர்களைக் கோழைகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நிலம் பறிபோனால் பிள்ளைகளின் கதி என்ன, அண்டிப் பிழைக்கும் ஊழியர்களின் கதி என்ன என்னும் கவலையும் அவர்களுக்கு இருந்தது.

அவர்கள் விவிலியத்தையே துணைக்கு அழைத்தனர். சிரியப் படைத்தலைவரான நாமான், தொழுநோய் நீங்கி உண்மைக் கடவுளை ஏற்ற பின்னரும், தம் மன்னர் ரிம்மோன் கோயிலில் வணங்கும்போது தாமும் உடன் குனிய வேண்டியிருக்குமே என்று எலிசாவிடம் முறையிட்டதையும், இறைவாக்கினர் அவரை அமைதியுடன் அனுப்பி வைத்ததையும் அரசர்கள் இரண்டாம் நூலில் நாம் படிக்கிறோம். நாமானுக்குக் கிடைத்த விலக்கு நமக்குக் கிடையாதா என்பது அவர்கள் வாதம்.

இதற்கு மறுமொழியாகப் பெர்சன்ஸ் 1580இல் மறைவான அச்சகம் ஒன்றிலிருந்து ஒரு நூலை வெளியிட்டார். கத்தோலிக்கர் ஏன் அவ்வழிபாட்டிற்குச் செல்ல மறுக்கின்றனர் என்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்துவதே அந்நூலின் நோக்கம். மறுப்பு, காரணம் என்னும் இரண்டும் அங்கே சந்திப்பதைக் காண்கிறோம்.

இவ்விடத்தில் மக்கபேயர் இரண்டாம் நூலின் முதியவர் எலயாசரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விலக்கப்பட்ட இறைச்சியை உண்பதுபோல் பாவனை செய்து, தமக்கு உகந்த உணவையே உண்ணுமாறு நண்பர்கள் வற்புறுத்தியபோது, தம் நடிப்பு இளைஞரை நெறிபிறழச் செய்யும் என்பதால் அவர் இசையவில்லை. நாமான் புதிதாக விசுவாசத்திற்கு வந்தவர். எல்லாரும் அறிந்த அவருடைய அரசுக் கடமை அவரை அங்கே இழுத்துச் சென்றது. எலயாசரோ ஒரு சமூகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஒரே செயல் ஒருவருக்குப் பொறுத்தருளத்தக்க பலவீனமாகவும் மற்றொருவருக்கு மறுதலிப்பாகவும் அமையக்கூடும். எனவே அன்றைய மக்களுள் யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பிடுவது நம் வேலை அன்று. ஆயினும், அந்நாட்டில் விசுவாசம் அற்றுப்போகாமல் நின்றதற்கு எலயாசரின் வழியில் நடந்தோரே பெருங்காரணம்.

யார்க் நகரின் முத்து

அவ்வாறு நடந்தோரில் ஒருவர் மார்கரெட் கிளித்தரோ. யார்க் நகரில் இறைச்சிக்கடைத் தெருவில் வாழ்ந்தவர். இறைச்சி வணிகர் ஒருவரின் மனைவி. ஏறத்தாழ 1574இல் கத்தோலிக்கரானார். கணவர் ஜான் மனம் மாறவில்லை. அவர் ஆங்கிலிக்கன் வழிபாட்டிற்கே சென்றார். ஆனால் மனைவி செல்லாமைக்கான தண்டத்தை அவரே கட்டினார். 1577 முதல் மார்கரெட் பலமுறை சிறைக்குச் சென்றார். அவர் வீட்டில் மறைவறை ஒன்று இருந்தது. அங்கே திருவுடைகளும் திருப்பலிப் பொருள்களும் காக்கப்பட்டன. குருக்கள் தங்கித் திருப்பலி நிறைவேற்றினர்.

1586 மார்ச் மாதத்தில் அதிகாரிகள் வீட்டைச் சோதனையிட்டனர். வீட்டிலிருந்த வெளிநாட்டுச் சிறுவன் ஒருவனை மிரட்ட, அவன் மறைவறையைக் காட்டிவிட்டான். நீதிமன்றத்தில் மார்கரெட், ‘குற்றவாளி’ என்றோ ‘குற்றமற்றவர்’ என்றோ கூற மறுத்தார். தாம் புரிந்த குற்றம் எதுவும் இல்லை. எனவே விசாரணைக்கு இடமில்லை என்பது அவர் நிலை. விசாரணை நடந்தால் தம் பிள்ளைகளே சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். வழக்காட மறுப்போருக்கு அக்காலச் சட்டம் விதித்த தண்டனை, உடல்மீது பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்லுதல். 1586 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, அவர் முதுகின் கீழே கூரிய கல்லை வைத்து, மேலே கதவொன்றைக் கிடத்தி, அதன்மீது பாரங்களை ஏற்றினர். கால் மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது.

கோயிலில் மறுத்தவர் நீதிமன்றத்திலும் மறுத்தார். ‘ரெகுசாரே’ என்னும் இலத்தீன் வினை வழக்குமன்றத்தில் பெற்றிருந்த பொருள் முழுவதையும் படிப்பறிவு மிகுதியில்லாத ஓர் இல்லத்தரசி தம் உடலால் எழுதிக் காட்டினார். 1970 அக்டோபர் 25 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர் பட்டம் வழங்கிய இங்கிலாந்து, வேல்ஸ் மறைசாட்சியர் நாற்பதின்மரில் அவரும் ஒருவர். மார்கரெட் என்னும் பெயருக்கு முத்து என்பது பொருள்.

இப்போராட்டத்தின் பெரும்பகுதியை மகளிரே சுமந்தனர் என்பது கருதத்தக்கது. அன்றைய சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்து இல்லை. எனவே அவளிடமிருந்து தண்டம் பெறுவது கடினம். கணவர் கோயிலுக்குச் சென்று நிலத்தைக் காக்க, மனைவி வீட்டிலிருந்து விசுவாசத்தைக் காத்த குடும்பங்கள் பல. இதனைக் கண்டுகொண்ட அரசு 1610இல், மணமான பெண்ணைச் சிறையிலடைக்கலாம் என்றும், அவளை மீட்கக் கணவர் மாதம் 10 பவுன் கட்ட வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. குருக்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். பிள்ளைகளுக்குச் செபங்களைக் கற்பித்து, நோன்பு நாள்களைக் காத்து, கதவைத் திறந்து வைத்தோர் பொதுநிலையினரே. நிக்கோலஸ் ஓவன் என்னும் தச்சர், இயேசு சபையின் துறவறச் சகோதரர், பல வீடுகளில் குருக்களுக்கான மறைவிடங்களைத் தம் கையாலேயே அமைத்தார். 1606இல் லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி அவர் இறந்தார். எந்த மறைவிடத்தையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இசையிலும் இலக்கியத்திலும்

இச்சொல் ஆங்கில இலக்கியத்தின் உள்ளறை வரை செல்கிறது. அரசியின் அரண்மனைச் சிற்றாலயத்தில் பணியாற்றிய இசைமேதை வில்லியம் பேர்ட், ஆங்கிலிக்கன் வழிபாட்டிற்கும் இசையமைத்தார். அவரும் அவர் மனைவியும் மறுப்போர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். 1592க்கும் 1595க்கும் இடையில் அவர் அச்சிட்ட மூன்று திருப்பலி இசைநூல்களில் தலைப்புப் பக்கமும் இல்லை. அச்சகத்தின் பெயரும் இல்லை. பேராலயங்களில் பாடப்பட வேண்டிய இசை, கதவடைத்த அறைகளில் சிலர் கூடித் தாழ்ந்த குரலில் பாடுவதற்காக எழுதப்பட்டது.

இயேசு சபைக் குருவான ராபர்ட் சவுத்வெல், மறைந்து வாழ்ந்த ஆண்டுகளில் பாடல்களும் ஆறுதல் மடல்களும் எழுதினார். எரியும் குழந்தையாகக் கிறிஸ்துவைக் காட்டும் அவருடைய பாடல் புகழ்பெற்றது. அது ஒன்றைத் தாம் எழுதியிருந்தால் தம் பாடல்கள் பலவற்றை அழித்துவிடவும் இசைந்திருப்பேன் என்று கவிஞர் பென் ஜான்சன் கூறியதாகக் குறிப்பு உண்டு. சவுத்வெல் 1595 பிப்ரவரி 21இல் கொல்லப்பட்டார்.

நாடகப் பேராசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் பெயரும் 1592இல் ஸ்ட்ராட்போர்டில் எடுக்கப்பட்ட பட்டியலில் உள்ளது. கடன்காரருக்கு அஞ்சி அவர் கோயிலுக்கு வரவில்லை என்று அதிலேயே குறிக்கப்பட்டுள்ளது. உண்மைக் காரணம் கடனா, விசுவாசமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அதைக் கொண்டு மகனைக் கத்தோலிக்கர் என்று உரிமை கொண்டாடுவது முறையன்று.

எல்லாரும் நிலைத்து நிற்கவில்லை என்பதற்குக் கவிஞர் ஜான் டன் சான்று. அவர் புனித தாமஸ் மோரின் குடும்பத்தோடு தாய்வழியில் தொடர்புடைய கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர். அவர் தம்பி ஹென்றி, குரு ஒருவருக்கு இடமளித்ததற்காகச் சிறைப்பட்டு 1593இல் அங்கேயே இறந்தார். டன் பின்னர் ஆங்கிலிக்கன் குருவாகி, 1621இல் புனித பவுல் பேராலயத்தின் தலைவரானார். ஒரே வீட்டில் ஒருவர் சிறையில் மடிய, மற்றொருவர் மறைமேடை ஏறினார். டன்னின் பாடல்களில் ஒலிக்கும் அமைதியின்மைக்கு இவ்வீட்டின் நினைவும் ஒரு காரணம் என்று எண்ணத் தோன்றுகிறது.

இச்சொல்லின் நிழல் நம் நாட்டின்மீதும் படிந்திருக்கிறது. தாமஸ் பவுண்ட் என்னும் செல்வர் தம் மறுப்புக்காக ஏறத்தாழ 30 ஆண்டுகள் பற்பல சிறைகளில் கழித்தவர். அவருடைய தோழர் தாமஸ் ஸ்டீபன்ஸ் இங்கிலாந்தை விட்டு உரோமைக்குச் சென்று இயேசு சபையில் சேர்ந்து, 1579 அக்டோபரில் கோவா வந்து சேர்ந்தார். தம் நாட்டில் குருவாக வாழ இயலாத அவர், நம் மண்ணின் மொழிகளைக் கற்று, 1616இல் மராத்தியில் ‘கிறிஸ்து புராணம்’ என்னும் பெருங்காப்பியத்தை வெளியிட்டார். அங்கே அடைக்கப்பட்ட கதவு இங்கே ஓர் இலக்கியத்திற்கு வாயில் ஆயிற்று.

நாணயமான கணக்கு

இவ்வரலாற்றை எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் அது வரலாறு ஆகாது. கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில், 1555 முதல் 1558 வரை, ஏறத்தாழ 280 சீர்திருத்தச் சபையினர் தம் கொள்கைக்காக எரிக்கப்பட்டனர். அவர்களும் மறுத்தவர்களே. 1605இல் பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கச் சதி செய்தோரும் மறுப்போர் வட்டத்திலிருந்து வந்தவர்களே. அமைதியாகத் தண்டம் கட்டி, அரசருக்காகச் செபித்து வாழ்ந்த குடும்பங்கள்தாம் அச்சதியின் விளைவை அனுபவித்தன. 1606இல் மேலும் கடுமையான சட்டங்கள் பிறந்தன. துன்புறுத்தப்படுவது மட்டுமே ஒருவரைப் புனிதராக்கிவிடாது. துன்பத்தைத் தாமே ஏற்கிறாரா, பிறர்மீது சுமத்துகிறாரா என்பதே உரைகல்.

1791இல் நிறைவேறிய சட்டம், அரசுக்கு உறுதிமொழி அளித்த கத்தோலிக்கரை வழிபாட்டுத் தண்டத்திலிருந்து விடுவித்து, பதிவு செய்யப்பட்ட ஆலயங்களில் திருப்பலிக்கும் இடமளித்தது. 1829இல் குடியுரிமைத் தடைகளில் பெரும்பாலானவை நீங்கின. 1850இல் மறைமாவட்ட அமைப்பு மீண்டது. அதன்பின் ‘ரெக்யூசன்ட்’ என்னும் சொல் இழிவு நீங்கிக் குலப்பெருமை ஆயிற்று. அவ்வழிவந்த குடும்பங்கள் அதனைத் தம் அடைமொழியாக்கிக்கொண்டன. அக்காலக் கவிஞர்களின் தொகுப்பொன்று ‘மறுத்த கவிஞர்கள்’ என்னும் பொருள்பட 1938இல் வெளிவந்தது. கத்தோலிக்கப் பதிவுக் கழகத்தின் ஆய்விதழும் இச்சொல்லையே பல்லாண்டு பெயராகத் தாங்கி, 2015இல்தான் பெயர் மாற்றிக்கொண்டது. இன்று எழுத்தாளர்கள் சமயத் தொடர்பின்றியும் இச்சொல்லை ஆள்கின்றனர். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத மனத்தையோ குரலையோ அது சுட்டுகிறது.

1965 டிசம்பர் 7இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டை வெளியிட்டது. சமயத்தில் எவரும் தம் மனச்சான்றுக்கு எதிராக நடக்கும்படி வற்புறுத்தப்படலாகாது என்பது அதன் மையக் கருத்து. மார்கரெட் கிளித்தரோவின் மறுப்பைப் போற்றும் திருச்சபை, பிறர் மறுப்பையும் மதிக்கக் கடமைப்பட்டது என்பதை அவ்வாறு வெளிப்படையாக ஏற்றது.

தமிழில் என்ன பெயர்?

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? ‘வணங்காமுடி’ என்றால் செருக்கு தொனிக்கிறது. இவர்களோ இறைவன்முன் நாள்தோறும் முழந்தாள் பணிந்தவர்கள். ‘இணங்காதோர்’ என்பது பொருந்தும். எனினும் அது குறைபாடொன்றைச் சொல்வதுபோல் நின்றுவிடுகிறது. ‘மறுத்தோர்’ என்பதே எனக்கு நிறைவளிக்கிறது. தமிழில் ‘மறு’ என்பது விலக்குவதைக் குறிக்கும். குற்றத்தையும் கறையையும் குறிக்கும். மறுமொழி, மறுமை என்னும் சொற்களில் திரும்ப வருவதையும் அப்பால் இருப்பதையும் குறிக்கும். இவை ஒரே வேரினவா என்பதை மொழியறிஞர்க்கு விட்டுவிடுவோம். ஒலியால் ஒன்றிய இப்பொருள்கள் யாவும் அம்மக்கள் வாழ்வில் கூடியிருந்தன. அரசு அவர்களிடம் கண்டது மறு. அவர்கள் அரசுக்கு அளித்தது மறுமொழி. அவர்கள் கண் பதித்திருந்தது மறுமை.

அவர்களுடைய ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குப் பின்னே ஓர் ‘ஆம்’ இருந்தது. வேறொரு பீடத்தை அவர்கள் நேசித்தார்கள். அதனால் கட்டாயப்படுத்தப்பட்ட பீடத்தை நாடவில்லை. அந்த நேசம் இல்லாதிருந்தால் அவர்கள் மறுப்பு வெறும் முரண்டாக முடிந்திருக்கும். நம் நாளிலும் ஒரு கிறிஸ்தவர் மறுக்க வேண்டிய தருணங்கள் வரவே செய்கின்றன. பொய்க் கணக்கில் கையொப்பமிட மறுக்கலாம், கையூட்டை மறுக்கலாம், சாதியின் பெயரால் ஒரு சகோதரரை விலக்கும் வழக்கத்திற்கு இணங்க மறுக்கலாம். அப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: என் மறுப்பின் பின்னே நான் நேசிக்கும் நன்மை எது? அதன் விலையை நானே செலுத்த ஆயத்தமா, அல்லது பிறர் தலையில் சுமத்துகிறேனா?

நம் கோயில்களின் கதவுகள் ஞாயிறுதோறும் திறந்திருக்கின்றன. திருப்பலியில் பங்கேற்க எவரும் நம்மிடம் தண்டம் கேட்பதில்லை. நூறு மடங்கு தண்டம் கட்டியும், நிலம் இழந்தும், பூட்டிய அறையில் விடியுமுன் கூடியும் அதே அப்பத்தை உண்டவர்கள் நமக்கு முன்னே வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை, மணியோசை கேட்டும் எழ மனமில்லாத காலை வேளையில் நாம் சற்றே நினைத்துக்கொள்வது நல்லது.